உயரம் காலியாக இருந்தவர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிதம்பரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்தும் ஓர் அம்மாவுக்கு நாங்கள்தான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஒருநாள் போன் செய்து, இனிமேல் உயரம் சொல்லாத யாரையும் சாஃப்ட்வேர் பதிய விடக் கூடாது என்றார். முந்தின வாரம் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை பெண்ணின் தோள் வரைக்கும்தான் வந்தாராம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து டீச்சரைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அது பத்து நிமிட வேலை. டேட்டாபேஸில் உயரத்துக்கான கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். இப்படி அமைப்பை மாற்ற எழுதும் சின்ன நிரலை மைக்ரேஷன் என்போம். என் லேப்டாப்பில் ஓட்டினேன், ஓடியது. சிதம்பரத்து டேட்டாபேஸில் ஓட்டினேன், முடியாது என்றது. லேப்டாப்பில் இருந்தவர்கள் நானே கற்பனையில் உண்டாக்கிய ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒழுங்காக உயரம் கொடுத்திருந்தேன். அங்கே இருந்ததோ நிஜ மனிதர்கள். அறுபத்து மூன்று பேருக்கு உயரம் காலி. அவர்களை என்ன செய்வது என்று சொல்லாமல் நிபந்தனையை ஏற்க மாட்டேன் என்றது டேட்டாபேஸ்.

சோம்பல்பட்டு, காலியாக இருந்த இடத்திலெல்லாம் நூற்றைம்பது சென்டிமீட்டர் என்று நிரப்பினேன். மைக்ரேஷன் ஓடிவிட்டது. மறுநாள் காலை டீச்சர் கூப்பிட்டார்.

"ஏம்மா, அறுபத்து மூணு பேரு ஒரே ஒசரத்துல நிக்கிறாங்களே. நான் நடத்துறது கல்யாண ஆபீஸா, ஸ்கூல் பிரேயரா?"

எல்லாவற்றையும் பழையபடி காலியாக்கினேன். ஒவ்வொருவராக போன் செய்து கேட்டு நிரப்புவதுதான் வழி. தப்பு என்னுடையது என்பதால் போன் செய்வதும் என் வேலை என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார்.

உயரம் என்ன என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ஒருவர் செருப்போடா, இல்லாமலா என்றார். இன்னொருவர் ஐந்தே முக்கால் இருக்கும் என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்து யாரோ சிரிக்கவும் ஐந்தரையாகக் குறைத்துக்கொண்டார். பரங்கிப்பேட்டையில் ஒரு தாயார், "பொண்ணு வூட்டுல எவ்ளோ கேக்குறாங்க?" என்றார்.

என்னிடம் இருந்த பட்டியலில் பதிவு எண்ணும் போன் நம்பரும் மட்டும்தான். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். நாற்பதுக்கு மேல் போயிருக்கும், ஒரு நம்பரை அடித்ததும் என் போன் திரையில் 'அம்மா' என்று வந்தது.

அம்மா மறைக்கவில்லை. கடலூரில் பதிந்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குள் பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறிச் சிதம்பரம் போய் என் பெயரைப் பதிந்திருக்கிறார். உயரத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒன் ஒசரத்தப் போட்டா எவன் போன் பண்ணுவான்? மொதல்ல பேசட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். நீ ஒரு அஞ்சு நாலுன்னு போட்டு வுடு."

நான் ஐந்து அடி பத்து அங்குலம். மறந்துபோய் விட்ட கட்டங்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். மற்றவர்களும் யோசித்துத்தான் காலியாக விட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நூற்று எழுபத்தெட்டு என்று அடித்தேன். மிச்சமிருந்தவர்களையும் கேட்டு முடித்து மைக்ரேஷனை ஓட்டினேன். டேட்டாபேஸ் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வாரத்தில் அம்மாவுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரின் போன் வந்தது. நூற்று எழுபத்தெட்டு என்பது டைப்பிங் மிஸ்டேக்கா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா ஆமாம் என்றிருக்கிறார்.

ஞாயிறு மாலை வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிறகு அதிகம் பேசவில்லை. மாப்பிள்ளையும் சாஃப்ட்வேர்தான். அந்த மையத்துக்கு எழுதிக் கொடுத்தது நான் என்று தெரிந்ததும், பழைய காலிக் கட்டங்களை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டார். அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகப் பேசுகிறார்கள் என்று இன்னொரு தட்டு கேசரி கொண்டுவந்து வைத்தார்.

சம்பந்தம் அமையவில்லை. அந்த மாப்பிள்ளை, தன் அலுவலகத்து டேட்டாபேஸ் ஏதாவது மைக்ரேஷனை மறுத்தால் இப்போதும் எனக்கு போன் செய்வார்.