அடுத்தவருக்கு ஒரு வாளி

துறைமுகத்துக்குப் பின்னால் எழும்பும் அடுக்குமாடியில் நான் பதிவுசெய்த வீடு எந்த அளவில் இருக்கிறதென்று பார்க்கப் போனபோது, கீழே தோண்டியிருந்த குழியிலிருந்து உக்கிய தும்புக் கயிற்றின் மணம் வந்தது. குழியின் ஓரத்தில் வட்டமாக ஒரு பழைய கிணற்றுக்கட்டு தெரிந்தது.

எங்கள் ஒழுங்கைக் கிணறு, நான் வளர்ந்த அந்தக் குறுகிய தெருவுக்கே பொதுவானது. கடல் இத்தனை கிட்ட இருந்தும் அதன் தண்ணீர் இனிக்கும். விடிய முன்னர் தோணிக்காரர், பிறகு குடங்களோடு பெண்கள், வெயிலேறப் பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் என்று நாள் முழுக்கக் கப்பி கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் அள்ளி முடித்த எவரும் வாளியை வெறுமையாக விட்டுப் போனதில்லை, அடுத்து வருகிறவருக்கென்று ஒரு வாளி நிரப்பிக் கட்டின்மேல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். கயிறு இழுக்க ஏலாத வயதில் நான் முகத்தை அமிழ்த்திக் குடித்ததெல்லாம் முன்வீட்டு ரஹ்மத் மாமி வைத்துவிட்டுப் போன தண்ணீர்தான்.

"கிணறு ஒண்டு இருந்திருக்குப் போல அண்ணை," என்றார் மேற்பார்வையாளர், குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலொன்றை என்னிடம் நீட்டியபடி. "இதை மூடினாத்தான் உங்கட கார் விட இடம் வரும். மூடட்டே?"

போத்தலைத் திறந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"ஓம், மூடுங்கோ," என்றேன்.

காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். நான் குடித்து முடித்த வெறும் போத்தல் கிணற்றுக்கட்டின்மேல் நின்றது.