பெடலில் அவன் கால்

பல்லாவரம் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பம்மலிலிருந்து பஸ் வந்தபடிதான் இருந்தது. ஏறி உட்காரப் பொறுமை இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கிளம்பியிருந்தேன். தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம் வழியெல்லாம் கூடவே வந்தது.

நான் விட்டுவந்தது தகரம் வெட்டும் பவர் பிரஸ் பட்டறை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி ஊர் ஊராகத் திரிந்த எனக்கு அங்கே வேலை கற்றுக்கொடுத்தவன் என்னைவிடச் சின்னவன். ஆனாலும் தொழில் தெரிந்தவன் என்பதால் அண்ணா என்பேன். அவன் என்னை மச்சான் என்பான். பிரஸ்ஸுக்கு முன்னால் இருக்கவேண்டிய தடுப்புக் கம்பியைக் கழற்றி மூலையில் சாத்தியிருப்போம். அது இருந்தால் வேலை ஓடாது. சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மாட்டுவோம். ஒருவன் தகரத்தை உள்ளே வைக்க, இன்னொருவன் பெடலை மிதிப்பான்.

முதல் நாள் அவன் தன் கையை உள்ளே விட்டுக்கொண்டு என்னை மிதிக்கச் சொன்னான்.

"நான் 'ம்' சொன்னாத்தான் மிதிக்கணும். இன்னும் கல்யாணம் ஆவல மச்சான், மோதிரம் போட வெரல் வேணும்."

அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். அவன் சாதாரணமாகத் தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தான்.

பிறகு இடம் மாறினோம். என் கை உள்ளே, அவன் கால் பெடலில். யாரையும் நம்பிப் பழக்கமில்லாதவன் நான். அவன் காலை மட்டும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று காலை, நான் கையை எடுத்த மறுகணம் பிரஸ் தானாக இறங்கியது. அவன் கால் தரையில் இருந்தது. முகத்தில் திடுக்கிடல் இல்லை. கேட்டேன். முந்தின நாளும் அப்படி இறங்கியதாம். முதலாளியிடம் சொன்னானாம், லோடு போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கைய வெச்சிருப்பியா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. நான் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்து, கோபித்துக்கொள்ளாதே, தனக்கும் வேறு வழியில்லை என்றான். அப்படியும் இருக்கலாம்.

மறுநாள் காலை கூடுவாஞ்சேரியில், வயலை மனைகளாகப் பிரிக்கும் இடத்தில், எல்லைக்கல் நட ஆள் எடுத்தார்கள். அங்கிருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நீ கல்லைப் பிடி, நான் கடப்பாரையால் கல்லை ஒட்டி மண்ணை இடித்துக் காட்டுகிறேன் என்றார்.

"வேணாம்ணா, தெரியும்" என்றேன்.

தெரியாது. குழியை நானே தோண்டி, கல்லை நானே இறக்கினேன். கோணலாக நின்றது.