காசு வெட்டிப் போட்ட அண்ணனும் குமரேசன் சாரும்

குமரேசன் சார் போயிட்டார்.

எங்க காலேஜ் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்ல எனக்குப் பக்கத்து சீட். இன்னிக்குக் காலையில பரமத்தி வேலூர்ல, அவரோட வெத்தலைத் தோட்டத்துல... ஹார்ட் அட்டாக்.

அவர் வீட்டு வாசல் பந்தல்ல உட்கார்ந்து இதை டைப் பண்றேன்.

ஃபர்ஸ்ட் இயருக்குக் கதைன்னா என்னன்னு அவர்தான் எடுப்பார். பிளாட், கேரக்டர், கான்ஃப்ளிக்ட்... போர்டுல ஒரு மலையை வரைஞ்சு, "ஏற்காடு ரோடு மாதிரித்தான் சாமி. ஏற ஏறக் காது அடைக்கும். அதுதான் ரைசிங் ஆக்‌ஷன்"னு சொல்வார். கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிக்கும்.

ஒருநாள் ஒரு பொண்ணு, "வில்லன் இல்லாம கதை இருக்குமா சார்?"னு கேட்டா.

"இருக்குங் கண்ணு. வில்லன் வேற, எதிராளி வேற. எதிராளி கெட்டவனா இருக்கோணும்னு இல்ல. நீ கேக்கறதையே அவனும் கேப்பான், அவ்வளவுதான்."

அவருக்கும் ஒரு எதிராளி இருந்தார். கூடப் பிறந்த அண்ணன். ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல ஒரு வண்டித்தடம், அது யாருக்குன்னு தகராறு.

போன வருஷம் அண்ணன் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுட்டார்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இவ்வளவு சொன்னா போதும். மத்தவங்களுக்கு... சாமி முன்னால காசை ரெண்டா வெட்டிப் போட்டா உறவு முறிஞ்சுது. அந்த வீட்டுத் தண்ணி ஆகாது, வாசல் மிதிக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கும் போகக் கூடாது. மீறினா சாமி கேக்கும்.

ஸ்டாஃப் ரூம்ல யாரோ, "என்ன சார், ஃபோர்ஷேடோயிங்கா?"ன்னு கிண்டல் பண்ணாங்க. பின்னால வரப்போறதுக்கு முன்னாடியே கதையில விழுற நிழல். சார் சிரிக்கலை. டிபன் பாக்ஸை மூடிட்டார்.

அப்புறம் வெத்தலைக் கொடி காஞ்சாலும், வீட்டுல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "காசு வேலை செய்யுதுங்க மேடம்"னு ஆரம்பிச்சிடுவார்.

"படிச்சவர் பேசற பேச்சா சார் இது?"ன்னு திட்டுவேன்.

"படிச்சது மூளைக்குத் தெரியுதுங்க. வயித்துக்குத் தெரியலீங்களே..."

போன வாரம்தான் முகம் தெளிஞ்சுது. "அண்ணன் எறங்கி வந்துட்டாருங்க. தை பொறக்கட்டும், ரெண்டு பேருமா கோயிலுக்குப் போயி காசு வெட்டுனதை முறிச்சுக்கலாம்னு சொல்லி உட்டிருக்காரு." அன்னிக்கு என் டப்பாவுல இருந்து உரிமையா வடை எடுத்துத் தின்னார்.

இன்னிக்கு அவர் விழுந்தது அந்த வண்டித்தடத்துல.

வீட்டம்மா கத்தின கத்துல அண்ணன் ஓடி வந்திருக்கார். வேலி வரைக்கும். அதுக்கு மேல கால் வைக்கலை.

கார் சாவியை வேலிக்கு மேல வீசிட்டு, "நான் ஓட்டுனா அவனுக்கு ஆகாது, நீங்க யாராச்சும் எடுங்க"ன்னு கத்தினாராம். சாவி இந்தப் பக்கம், கார் அவர் வாசல்ல. அந்த வாசலை இவங்க மிதிக்கக் கூடாதே... பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து காரை எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

எனக்கு யார் மேல கோபப்படறதுன்னு தெரியலை.

தம்பி முகத்தையாவது பார்க்கணும்னு அண்ணன் கோயிலுக்கு ஆள் அனுப்பியிருந்தார். இப்பதான் திரும்பி வந்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் முறிக்க முடியும்னு பூசாரி சொல்லிட்டாராம்.

பாடை கட்டிட்டாங்க. அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம், வாயில துண்டை வச்சு அழுத்திட்டு நிக்கிறார்.

போங்க சார்... பயப்படாமப் போங்க.