சர்வரில் போட்ட பிள்ளையார் சுழி

இரண்டாயிரமாவது ஆண்டுக்குச் சற்று முன்பின்னாக, பிரேசர் டவுனில் ஒரு மாடியறையில் நடந்த சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து, எல்லாவற்றையும் ஒரே சர்வரில் குடிவைப்போம். வேலூரிலிருந்து பெட்டியோடு வந்து மாதக்கணக்காகியும் நான் தற்காலிகம்தான்.

"இந்த சர்வர ஒழுங்கா செட் பண்ணி, எங்க கோவில் சைட்ட ஓட வெச்சுக் காட்டுங்க. அப்புறம் பர்மனன்ட் பண்றேன்" என்றார் முதலாளியம்மா. அவர் ரிச்சர்ட்ஸ் டவுன் கத்தோலிக்கக் குடும்பம். கோவில் என்றது அவர்களுடைய தேவாலயத்தை.

சர்வரின் அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். எந்தப் பெயரைக் கேட்டு வந்தால் எந்தத் தளத்தைக் காட்டுவது என்று அதில் வரிசையாக எழுத வேண்டும். மளிகைச் சீட்டுக்கே பிள்ளையார் சுழி போடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். என் பிழைப்பே தொங்குகிற கோப்பை மொட்டையாகத் தொடங்க மனம் வரவில்லை. சுழியோடு நிறுத்தியிருக்கலாம். நானோ பக்தியில் கொஞ்சம் புத்திசாலித்தனத்தையும் கலந்தேன். காலண்டர் பிள்ளையாரை ஸ்கேன் செய்து, அவருக்கென்று ஒரு தளமே உருவாக்கி, வரிசையில் முதலாவதாக வைத்தேன். முகவரி எனக்கு மட்டும்தானே தெரியும், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

கேட்ட பெயர் கோப்பில் இல்லாவிட்டால், முதலில் இருக்கும் தளத்தையே சர்வர் காட்டும். இது கையேட்டில் தெளிவாக இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. எதைப் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று அப்போது ஒரு நினைப்பு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்ததும் தேவாலயத்துப் பங்கு அலுவலகத்தில் தளத்தின் திறப்பு. இஸ்திரி போட்ட சட்டையோடு கணினிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன். ஃபாதர் முகவரியை அடித்தார். முன்னால் வர வேண்டிய மூன்று டபிள்யூக்களை விட்டுவிட்டார். டபிள்யூ போட்ட பெயரை மட்டும்தான் நான் கோப்பில் எழுதியிருந்தேன்.

டெலிபோன் வழி இணைப்பு அது. படம் மேலிருந்து அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கும். முதலில் ஒரு தங்கக் கிரீடம் வந்தது.

"கிறிஸ்து அரசர்" என்று பாடகர் குழு அக்கா ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்து நெற்றி. அதில் விபூதிப் பட்டை. எனக்கு வியர்த்துவிட்டது. "தவக்காலம் இல்லையா, சாம்பல் பூசியிருக்கு" என்று யாரும் கேட்காமலேயே விளக்கினேன். பிறகு இரண்டு பக்கமும் காதுகள் விரிந்தன. கடைசியில் தும்பிக்கையும் இறங்கியது.

"டெலிபோன் லைன்ல கோளாறு, ஃபாதர்."

"லைன்ல யானை வருமா தம்பி?" என்று அவர் சிரிக்காமல் கேட்டார்.

மறுநாள் காலை முதலாளியம்மா என் மேசைக்கே வந்தார். "அவங்க யாரும் சண்ட போடல. எனக்குத்தான் தல நிமிர முடியல. இன்னிக்கே சரி பண்ணுங்க. வேற எதுலயும் சும்னே கை வெக்காதீங்க." சும்மா என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்வார்.

ஊருக்குத் திரும்பிப்போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று உடனே கோப்பைத் திறந்தேன். வேலை நிலைக்கட்டும் என்று கும்பிட்டு வைத்தவரை, வேலை நிலைக்கட்டும் என்று நானே அழித்தேன். கண்ணில் நீர் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அழுதேனே தவிர, விடுபட்ட பெயரைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. முதல் இடம் காலியானதும், இரண்டாவதாக இருந்தவர் முதலாவதாகிவிட்டார்.

மத்தியானம் ஃபாதரிடமிருந்து போன். முதலாளியம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, பிள்ளையார் போயிட்டார். இப்ப மட்டன் பிரியாணி வருது."

வரிசையில் அடுத்து இருந்தவர் எங்கள் தெருவின் கல்யாண கேட்டரிங்காரர்.

"படம் வேற ரொம்ப நல்லாருக்கு" என்றார் ஃபாதர். "நாங்கல்லாம் கறி தொடாம விரதம் இருக்கோம். ஈஸ்டர் வரைக்கும் பிள்ளையாரே இருக்கட்டுமே."

முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தத் தெம்பில், "அப்ப என் வேலை, மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதையும் ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம்."