தேய்ந்துபோன ஒன்பது காசுகள்

ஞானதாஸ் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். இரும்புத் துண்டுகளைக் கல்லோடும் சோப்புத் தண்ணீரோடும் பெரிய பேரலில் போட்டுச் சுழற்றி, விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்கும் வேலை. அவர் தேய்த்த சரக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பெயர் எதற்கும் உதவவில்லை. புது மெஷின் வந்த மாதம் அவரோடு சேர்த்துப் பதினோரு பேரை வாசல் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸிலும் ஏற்றவில்லை. மூன்று பஸ் மாறிப் புதுப்பட்டினத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆறு மாதம் வீட்டில் கிடந்தார். மனைவி ரெஜினா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்து குடும்பத்தை ஓட்டினாள். குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

பிறகு பழைய செல்போன் விற்கும் ஷபீரிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் மலிவாகக் கிடைத்தது. விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடுவார். டூரிஸ்டுகள் தொலைத்த திருகாணி, சாவி, நிறையச் சில்லறை என்று ஏதாவது அகப்படும். உப்பில் ஊறிய காசு கறுத்துப் பச்சை பூத்திருக்கும். டீக்கடையில்கூடத் தொடமாட்டார்கள்.

அதற்கு அவரிடம் மருந்து இருந்தது. பழைய வாஷிங்மெஷின் மோட்டாரில் ஒரு பெயிண்ட் டப்பாவைப் படுக்கவைத்துப் பொருத்தினார். உள்ளே பொடி ஜல்லி, சோப்புத்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர். வெள்ளைக் காசு ஒரு தடவை, மஞ்சள் காசு ஒரு தடவை. சேர்த்துப் போட்டால் ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஏறிவிடும். மூன்று மணி நேரம் கடகடவென்று சுற்றும். ரெஜினா ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பதான் அச்சடிச்ச மாதிரி கீதுய்யா" என்றாள்.

வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு புயல் வந்து போனது. ஊருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய கரையைக் கடல் ஓர் ஆள் உயரம் அரித்திருந்தது. அங்கே டிடெக்டர் விடாமல் கத்தியது. தோண்டியதும் கையளவு கறுப்புக் கட்டி ஒன்று வந்தது. சின்னச் சின்னக் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவரைப் போலவே கரையில் தேடித் திரியும் பையன் ஜான்சன், சற்றுத் தள்ளி டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்தவன், குரல் கொடுத்தான்.

"இன்னா அண்ணாத்த, எதுனா மாட்டுச்சா?"

"துருப்புடிச்ச ஆணிடா."

சொல்லிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

பழசு என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் அழுக்கோடு கொண்டுபோய் நின்றால் எவன் மதிப்பான்? நாள் பூராவும் சுற்றவிட்டும் கறுப்பு போகவில்லை. ஜல்லியைப் பெரிதாக மாற்றி இரண்டு நாள் ஓட்டினார். திறந்தபோது ஒன்பது செப்புக் காசுகள் செக்கச்செவேல் என்று மின்னின. அவருடைய வேலையிலேயே இதுதான் சிறந்தது என்று நினைத்துக்கொண்டார்.

செங்கல்பட்டில் பழங்காசு சேர்க்கும் சதாசிவம் என்பவரை ஷபீர் சொன்னான். பேங்கில் கேஷியராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஞானதாஸ் கொண்டுபோன காசுகளை அவர் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தன. ஒன்றில் மட்டும் காளையின் முதுகோ என்னவோ, ஒரு வளைவு தெரிந்தது.

"இத எதுல போட்டுத் தேச்சீங்க?"

"பேரல்ல சார். கல்லு போட்டு, ரெண்டு நாளு."

சதாசிவம் லென்ஸை மூடி வைத்தார்.

"கறுப்பா இருந்ததே, அது அழுக்கு இல்லைங்க. அந்த மேல்தோல்லதான் உருவமும் எழுத்தும் நின்னிருக்கும். மண்ணோட கொண்டாந்திருந்தா நானே சர்க்கார்ல ஒப்படைக்க வச்சிருப்பேன். மியூசியத்துல உங்க பேரும் இருந்திருக்கும். இப்போ இது வெறும் தகடு."

கொடுத்த காபியை ஞானதாசால் குடிக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜான்சன் படம் பேப்பரில் வந்தது. அதே தோப்புக் கரையில் கிடைத்த காளை உருவம் பதித்த இரண்டு பழங்காசுகளைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்தானாம். தாசில்தார் சால்வை போர்த்தினார். பேப்பரை அவனே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"நமக்கு ஏது பொறும அண்ணாத்த. கழுவாம அப்டியே கவர்ல போட்டுக் குடுத்துட்டேன். அதான் நல்லதாப் போச்சுன்றாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நீ அன்னிக்கு ஆணி எடுத்த, அந்த எடத்துக்குப் பக்கத்துலதான் கெடச்சுது."

"அப்டியா" என்றார் ஞானதாஸ்.

அந்த ஒன்பது காசையும் பார்த்திருந்த ரெஜினா, அவன் போனதும் கேட்டாள். "ஆணியா?"

அவர் எழுந்து போய் மோட்டாரிலிருந்து டப்பாவைக் கழற்றினார்.

இப்போது அவர் திருப்போரூர் பக்கம் மனை விற்கும் இடத்தில் வாட்ச்மேன். டிடெக்டரை ஷபீரிடமே கொடுத்துவிட்டார். ஜான்சன் எதிரே வந்தால் நின்று பேசுகிறார். நல்ல பையன், யாரையும் ஏமாற்றத் தெரியாதவன் என்று ரெஜினாவிடம் சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.