வேலிக்குள் ஒரு வன்னி மரம்

அமீரகத்தில், அஜ்மானிலிருந்து கிழக்கே போகிற வழியில் சாலை வேலை நடக்கிறது. உச்சி வெயிலில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நிற்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே ஒரு மரம், நம் ஊர் வன்னிதான். அதைச் சுற்றி ஆளுயரக் கம்பி வேலி. புதுச் சாலையும் அதை விட்டு விலகி வளைகிறது.

சைட் இன்ஜினியர் அயர்லாந்துக்காரர். அவர் ஊர் முப்பது வீடுகள் உள்ள கிராமமாம். ஏசி வண்டியின் கண்ணாடியை இறக்கிப் பெருமையாகச் சொல்கிறார்: "எங்கள் ஊரில் வயல் நடுவே முள்மரம் தனியாக நின்றால் அது குட்டித் தேவதைகளின் வீடு. என் மாமா ஒருமுறை கிளையை ஒடித்தார். அந்த வாரமே பசு செத்தது. அதனால்தான் இங்கேயும் யாரும் நெருங்காதபடி வேலி போடச் சொன்னேன்."

அந்தத் தேவதைகள் எப்போது விசா எடுத்து இங்கே வந்தன என்று கேட்க வாய் துடிக்கிறது. வேலிக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் கான்கிரீட் குழாய்களுக்குள் குனிந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குழாயைத் தொட்டால் கை சுடுகிறது. நிழல் முழுவதும் வேலிக்குள் சும்மா கிடக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குழாய்க்குள் இருக்கும் சிவகங்கைக்காரர் செல்வத்திடம், "நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லையா?" என்கிறேன்.

"கேட்டோம்ணே. சாமி மரம்கிறாரு. எங்க ஊர்லயுந்தான் கருப்பு இருக்கிற மரத்துல யாரும் கைவைக்க மாட்டோம்." சோற்றில் விழுந்த மணலை விரலால் ஒதுக்குகிறார். "ஆனா நெழல்ல உக்காராதன்னு எங்க கருப்பு ஒருநாளும் சொன்னதில்ல."