சின்னப்பன் அண்ணனின் முடிவு ஜெபம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்தில் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணமோ, புது வீட்டு ஜெபமோ, எதுவானாலும் முடிவு ஜெபம் சின்னப்பன் அண்ணனுக்குத்தான். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ரயிலில் நின்றுகொண்டே தூங்கி வந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடுவார்.

கண்ணை மூடி, ‘கடலைப் பிளந்தவரே’ என்று அவர் ஆரம்பித்தால் பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடுவார்கள். பிரியாணி ஆறிவிடும் என்று கிண்டல் செய்வோம். ஆனாலும் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிட மனம் வராது. முடிந்ததும் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். “மகிமை கர்த்தருக்கே” என்பார். சொல்லிவிட்டு, இன்னும் யாராவது வருகிறார்களா என்று அங்கேயே கொஞ்சம் நிற்பார்.

அவர் மனைவி கன்னியம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வலியில் அந்த அம்மாள் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. அண்ணனும் தூங்கவில்லை. அப்படியும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் வண்டலூரில் ஒரு வீட்டில் ஜெபித்துவிட்டு, தொண்டை கட்டித் திரும்பினார். தனக்கும் ஒரு ஜெபம் பண்ணச் சொல்லி கன்னியம்மா கேட்டாள். கட்டிலருகே முழங்கால் போட்டார். “கடலைப் பிளந்தவரே” என்றதும் பக்கத்துக் குடித்தனப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். கால் சத்தம் கேட்டு அண்ணனின் குரல் தானாக ஏறியது.

கன்னியம்மா அவர் கையைத் தொட்டாள். “வாசல்ல கீறவங்களுக்கா பண்ற, எனக்கா பண்ற? எனக்குன்னா மெதுவா பண்ணுய்யா.”

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். வேறு வார்த்தை தேடினாராம். வந்ததெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் ஏற்கெனவே சொல்லி, பாராட்டு வாங்கிவிட்ட வார்த்தைகள். அவளுக்கென்று ஒன்றுகூட மிச்சமில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது அழுதார்.

கடைசியில், “ஆண்டவரே, இவளால வலி தாங்க முடியல. என்னாலயும் முடியல” என்றார். அவ்வளவுதான். வாசலில் நின்றவர்கள் இன்னும் வரும் என்று பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். கன்னியம்மா ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

அடுத்த மாதம் அவள் இறந்தாள். அடக்கத்தன்று போதகர் அண்ணனையே ஜெபிக்கச் சொன்னார். இரண்டே வரி. துக்கத்தில் வாய் வரவில்லை என்று எல்லோரும் பரிதாபப்பட்டோம். ஆனால் அதன் பிறகும் இரண்டு வரிதான். அண்ணனுக்கு முன்பு போல ஆவியின் அபிஷேகம் இல்லை என்று பேச்சு கிளம்பியது. கூப்பிடுவதும் குறைந்தது.

கடைசியாக அவர் ஜெபித்தது பெருங்களத்தூரில், எங்கள் உறவினர் வீட்டில். ஆமென் சொன்னதும் எல்லோரும் நேராகப் பந்திக்குப் போய்விட்டார்கள். வருத்தமாக இல்லையா என்று நான்தான் கேட்டேன்.

“இல்லாம இன்னா? யார்னா வராங்களான்னு இன்னும் காது அந்தப் பக்கந்தான் போவுது. பேஜாரான பழக்கம்.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். சாயங்காலம் அவருக்கு ஷிப்டு இருந்தது. அன்று அவர் கையை யாரும் பிடிக்கவில்லை. அவரும் நிற்கவில்லை.